எல்.எஸ்.டி.எம். வெச்சு கொரோனா கணிப்பு: 0.98 வருது, ஆனா கைடு ஏத்துக்க மாட்டேங்கிறார்

கயல்_புள்ளியியல்

எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர், பாளையங்கோட்டை. ப்ராஜெக்ட் தலைப்பு: கொரோனா பரவலை ஏ.ஐ. கொண்டு கணித்தல்.

கோவிட்19இந்தியா தளத்தை 2021 அக்டோபர் கடைசியில மூடுறதுக்கு முன்னாடி மாவட்டவாரி சி.எஸ்.வி. ஃபைலை அப்படியே விட்டுட்டுப் போனாங்க இல்லையா, அதுல இருந்து தமிழ்நாட்டை மட்டும் பிரிச்சு எடுத்தேன். முந்தின 14 நாள் எண்ணிக்கையைக் கொடுத்தா அடுத்த நாள் எத்தனை கேஸ்னு சொல்ற மாதிரி ஒரு எல்.எஸ்.டி.எம். (வரிசையா வர்ற எண்ணுங்களைப் பார்த்துக் கத்துக்கற நியூரல் நெட்வொர்க்) ட்ரெய்ன் பண்ணினேன். ஆர்-ஸ்கொயர் (கணிப்பு நிஜத்தோட எவ்வளவு பொருந்துதுங்கற அளவு, 1 வந்தா முழுப் பொருத்தம்) 0.98. கிராஃப்ல நிஜக் கோடும் கணிப்புக் கோடும் ஒண்ணுமேல ஒண்ணு உட்கார்ந்திருக்கு.

கைடு பார்த்துட்டு, "இதுல நோய் எங்கம்மா இருக்கு? தங்கம் விலையைக் கொடுத்தாலும் இதே மாதிரி ஒரு கோடு வருமே"ன்னு கேட்டார். எஸ்.ஐ.ஆர். மாடலையும் சேர்த்துப் பண்ணிட்டு வரச் சொல்லிட்டார்.

எனக்குப் புரியாதது இதுதான். எஸ்.ஐ.ஆர். 1927-ல வந்த சமன்பாடு. ஊர் மக்களை மூணு டப்பாவா பிரிக்குது: இனிமே தொற்றக்கூடியவங்க, தொற்றிப் பரப்புறவங்க, மீண்டவங்க. கையில இவ்வளவு டேட்டா இருக்கறப்ப அந்தப் பழசு எதுக்கு? சேர்க்கணும்னா எங்க சேர்க்கறது? இன்னொண்ணு, வைவாவுக்கு வெளிய இருந்து வர்ற எக்ஸ்டர்னல் கண்டிப்பா கேட்பாராம்: 2021 மார்ச்ல இந்த மாடல் கையில இருந்திருந்தா மே மாசத்து ரெண்டாவது அலையைச் சொல்லியிருக்குமா?

வெட்டிஆபீசர்

தங்கச்சி, முதல்ல ஒரு வேலை பண்ணு. நெட்வொர்க்கைத் தூக்கி ஓரமா வை. "நாளைக்கு எத்தனையோ, அது இன்னைக்கு எத்தனையோ அதேதான்"னு ஒரே ஒரு வரி கோட் எழுதி, அதுக்கு ஆர்-ஸ்கொயர் பாரு. 0.97 வந்தா ஆச்சரியப்படாதே. கிராஃபை நல்லா ஜூம் பண்ணு, உன் கணிப்புக் கோடு நிஜக் கோட்டுக்கு ஒரு நாள் பின்னாடியே நடந்து வரும்.

ட்ரெய்னிங் (மாடலுக்குக் கத்துக்கொடுக்கற டேட்டா), டெஸ்ட் (அதைச் சோதிக்கற டேட்டா) எப்படிப் பிரிச்சே? 14 நாள் ஜன்னல்களை எல்லாம் குலுக்கிப்போட்டுப் பிரிச்சிருந்தா டெஸ்ட்ல இருக்கற நாளோட பக்கத்து நாள் ட்ரெய்னிங்ல இருக்கும். மின்-மேக்ஸ் ஸ்கேலிங் (ரொம்பச் சின்ன எண்ணை 0, ரொம்பப் பெரிய எண்ணை 1-னு வெச்சு எல்லாத்தையும் சுருக்கறது) மொத்த ஃபைலுக்கும் ஒரே அடியா பண்ணியிருந்தா, 2020-ல நிக்கிற மாடலுக்கு 2021 மே மாசத்து உச்சம் எவ்வளவுன்னு ஏற்கெனவே காதுல சொல்லியாச்சு.

பெரிய இடத்துலயே இது நடந்திருக்கு. கூகுள் ஃப்ளூ ட்ரெண்ட்ஸ் 2008-ல வந்துச்சு, ஜனங்க தேடுற வார்த்தையை வெச்சே காய்ச்சலைச் சொல்லிடுவோம்னாங்க. 2012-13 சீசன்ல அமெரிக்க அரசோட நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி. கணக்கைப் போல ரெண்டு மடங்கு சொல்லிச்சு. 2015-ல கடையைச் சாத்திட்டாங்க.

கொங்குக்_கணக்கு

கயல் கண்ணு, உன் கைடு கேட்டது சரியான கேள்வி. நான் டாக்டர் இல்லை, கணக்குக்காரி. 2020-லயும் 21-லயும் ஒரு மாவட்ட சுகாதார அலுவலகத்துல டேட்டா மேசையில உட்கார்ந்திருந்தேன். நீ டவுன்லோட் பண்ணின ஃபைல்ல இருக்கற எண்ணுங்க எந்தெந்தச் சந்து வழியா அங்க போய்ச் சேர்ந்துச்சுன்னு தெரியும். எஸ்.ஐ.ஆர். அப்புறம். முதல்ல ஃபைல்.

ஒரு ஆளுக்கு எங்ககிட்ட நாலு தேதி இருக்கும். காய்ச்சல் ஆரம்பிச்ச தேதி (நிறையப் பேருக்கு அந்தக் கட்டம் காலியா இருக்கும்), மூக்குல குச்சி விட்ட தேதி, லேப்ல ரிசல்ட் போட்ட தேதி, சாயங்காலம் அரசு வெளியிடற தினசரி புல்லட்டின்ல ஏறின தேதி. உன்கிட்ட இருக்கறது நாலாவது மட்டும்தான். வைரஸ் தொத்தினது இந்த நாலுக்கும் முன்னாடி. 2021 மே மாசம் சாம்பிள் பெட்டி பெட்டியா தேங்கிக் கிடந்தப்ப ரிசல்ட் வர நாளாச்சு. அப்ப புல்லட்டின்ல எண்ணிக்கை ஏறாம படுத்துக்கும். வெளிய இருந்து பார்க்கறவங்களுக்குப் பரவல் தணியுதுன்னு தோணும். எங்களுக்கோ ஆக்சிஜன் படுக்கை கேட்டு வர்ற போன் ஒரு நிமிஷம் நிக்காது. ரெண்டு நாள் கழிச்சுத் தேங்கினது மொத்தமா இறங்கும், உன் எல்.எஸ்.டி.எம். அதைத் திடீர்ப் பரவல்னு எழுதிக்கும்.

ஞாயித்துக்கிழமை சாம்பிள் கம்மி, அதனால வாரத் தொடக்கத்துல கேஸ் கம்மி. இந்த ஏழு நாள் ஏத்த இறக்கத்தை நெட்வொர்க் ரொம்ப அழகாப் பிடிச்சுக்கும். வைரஸைப் பத்திச் சொல்லிக்கொடுத்தோம்னு நீ நினைப்பே, அது கத்துக்கிட்டது லேப் டெக்னீஷியனோட வார லீவை.

மரணக் கட்டத்தைத் தொடறதா இருந்தா 2020 ஜூலை 22-ஐப் பாரு. அதுவரைக்கும் கணக்குல விடுபட்டிருந்த 444 மரணங்களை அன்னைக்கு ஒரே நாள்ல சேர்த்தாங்க. மாநில வரிசையில ஒரு முள் மாதிரி நிக்கும். அந்த 444 பேரும் ஜூலை 22-ல சாகலை.

இப்ப எஸ்.ஐ.ஆர். பழசுன்னு தள்ளாதே. கெர்மாக், மெக்கென்ட்ரிக்னு ரெண்டு பேர் எழுதினது. மெக்கென்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில இருந்த ராணுவ டாக்டர். கெர்மாக் வேதியியல்காரர், ஆய்வகத்துல நடந்த விபத்துல ரெண்டு கண்ணும் போனவர். அவங்க சமன்பாட்டைப் பொருத்திக் காட்டினது 1905-06-ல பம்பாய்த் தீவுல பிளேக்குல செத்தவங்களோட வாராந்தரக் கணக்கு மேலதான். கோடு புள்ளிங்க மேல பிரமாதமாப் போச்சு. இன்னைக்கும் பாடப் புத்தகத்துல அந்தப் படம் வருது. ஆனா அந்தப் பிளேக் ஆள்கிட்ட இருந்து ஆளுக்கு நேராத் தாவின நோய் இல்லை. நடுவுல எலி இருக்கு, தெள்ளுப்பூச்சி இருக்கு, பருவம் இருக்கு; பம்பாய்ல அது வருஷா வருஷம் அதே மாசங்கள்ல ஏறி இறங்கினது. அந்த ரெண்டு பேருமே, நாங்க வெச்சுக்கிட்ட நிபந்தனை எதுவும் முழுசாப் பொருந்தலை, இது வெறும் தோராயம்னுதான் எழுதியிருக்காங்க. பொருந்தினதை மட்டும் எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க. உன் 0.98-ஐயும் நான் அப்படித்தான் பார்ப்பேன்.

பின்ன அந்தச் சமன்பாட்டுல என்னதான் இருக்கு? உன் நெட்வொர்க்குக்குத் தெரியாத ஒரு விஷயம் அதுக்குத் தெரியும்: ஆள் தீரும். தொற்றின ஒவ்வொருத்தரும் 'இனிமே தொற்றக்கூடியவங்க' டப்பாவுல ஒரு ஆளைக் குறைக்கறாங்க. அலை ஏன் திரும்புதுங்கறதுக்கு அது ஒரு காரணம். 2021 ஜூன்-ஜூலையில தமிழ்நாட்டுல எடுத்த சீரோ சர்வேயில (ரத்தத்தைச் சோதிச்சு எத்தனை பேருக்கு எதிர்ப்புப் புரதம் இருக்குன்னு பார்க்கற கணக்கெடுப்பு) விருதுநகர்ல 84 சதவீதம் பேருக்கு எதிர்ப்புப் புரதம் இருந்துச்சு. எங்க பக்கம் ஈரோட்டுல 37. ரெண்டு ஊர்லயும் ஏதோ ஒரு வாரம் தினசரி எண்ணிக்கை ஒண்ணா இருந்திருக்கலாம், 14 நாள் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா ரெண்டும் ஒரே ஊர்தான். அடுத்த மாசம் என்ன ஆகும்னு கேட்டா ரெண்டும் வேற வேற ஊர்.

எஸ்.ஐ.ஆர். மட்டும் போதுமான்னா, அதுவும் போதாது. இதை விளக்கமாச் சொல்லணும், ஏன்னா எக்ஸ்டர்னல் இங்கதான் நோண்டுவார். 10 லட்சம் பேர் இருக்கற ஒரு ஊர், ஒருத்தர் சராசரியா 2.5 பேருக்குப் பரப்பறார், 5 நாளுக்கு ஒரு தடவை கேஸ் ரெட்டிக்குதுன்னு வெச்சுக்கோ. யாரும் எதுவும் செய்யலைன்னா, உச்சத்துல ஒரே நேரத்துல கிட்டத்தட்ட 2.3 லட்சம் பேர் நோயோட இருப்பாங்கன்னு சமன்பாடு சொல்லும். இப்ப ரெண்டு விதமா யோசி. ஒண்ணு, ஊர்ல இருக்கற எல்லாக் கேஸும் புல்லட்டின்ல வருது. இன்னொண்ணு, 20-ல ஒண்ணுதான் வருது. ஆரம்பத்துல ரெண்டுக்கும் கிராஃப் ஒண்ணுதான்: இன்னைக்கு 50, அஞ்சு நாள்ல 100, பத்து நாள்ல 200. ஒரு புள்ளிகூட மாறாது. ஆனா ரெண்டாவது விதத்துல நிஜமாத் தொத்தினவங்க 20 மடங்கு, அதனால உச்சம் சுமார் மூணு வாரம் முன்னாடியே வந்துடும். கண்ணுக்குத் தெரியற உச்சமும் 2.3 லட்சம் இல்லை, 11-12 ஆயிரம். ஆரம்பத்து டேட்டாவுல வளர்ற வேகம் மட்டும்தான் இருக்கு. உச்சம் அதுக்குள்ள இல்லவே இல்லை. இல்லாததை எந்த நெட்வொர்க்கைக் கொண்டு எடுக்கறது?

இது கற்பனைக் கணக்கும் இல்லை. 2020 அக்டோபர்-நவம்பர்ல எடுத்த முதல் மாநில சீரோ சர்வே சுமார் 32 சதவீதம் காட்டிச்சு. பதிவான கேஸைப் போல ஏறத்தாழ 30 மடங்கு. அந்த ஒரு எண்ணு உன் மொத்த சி.எஸ்.வி.-யை விட மாடலுக்கு அதிகமாச் சொல்லும்.

இதனாலதான் மார்ச் 2021 கேள்விக்கு என் பதில்: சொல்லியிருக்காது. சமன்பாடு தெரிஞ்ச பெரியவங்களே தவறினாங்க. மத்திய அரசு அமைச்ச 'சூப்பர் மாடல்' குழு, உச்சம் தாண்டியாச்சு, முன்னெச்சரிக்கையை விடாம இருந்தா 2021 பிப்ரவரி வாக்குல அடங்கிடும்னு 2020 அக்டோபர்ல சொல்லிச்சு. மே தொடக்கத்துல நாட்டுல ஒரு நாளைக்கு 4 லட்சம் கேஸ். அவங்களைக் கிண்டல் பண்றவங்களோட எனக்கு உடன்பாடு இல்லை. டெல்டா பத்தின துப்பு கேஸ் எண்ணிக்கையில இல்லை, மரபணு வரிசையில இருந்துச்சு. ஏ.ஐ.-க்கு உண்மையில வேலை இருந்த இடம் அது. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட வரிசைகளை ஒண்ணா ஓட்டி, எந்த உருமாற்றம் வேகமாப் பரவுதுன்னு பிரிச்சுக் காட்டற பைஆர்0-ங்கற மாடல் 2022-ல 'சயன்ஸ்' இதழ்ல வந்துச்சு. தாமதம்தான், ஆனாலும் அந்தத் திசை சரி.

சேர்க்கறது எப்படின்னு கேட்டே. சமன்பாடு அப்படியே இருக்கட்டும். அதுல நமக்குத் தெரியாதது ஒண்ணுதான், ஜனங்க எவ்வளவு நெருங்கிப் பழகறாங்கங்கற தொடர்பு வீதம். ஊரடங்கு போட்டா குறையும், தகரம் அடிச்சா குறையும், தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனா ஏறும். அதுக்கு யார்கிட்டயும் சூத்திரம் கிடையாது. அந்த ஒரு இடத்துல மட்டும் சின்னதா ஒரு நெட்வொர்க்கை வை. 2020-ல எம்.ஐ.டி.-ல தண்டேகர், ரேக்காக்கஸ் குழு இதைத்தான் பண்ணினாங்க, தனிமைப்படுத்தலோட வலிமையை மட்டும் நெட்வொர்க் கத்துக்கிட்டது, 70 நாட்டு டேட்டாவுல ஓட்டிப் பார்த்தாங்க. ஆள் தீரும்ங்கற கணக்கைச் சமன்பாடு பார்த்துக்கும், மனுஷன் நடத்தையை நெட்வொர்க் பார்த்துக்கும். அதுக்கு மேல, தொத்தினதுல இருந்து புல்லட்டின்ல ஏறுற வரைக்குமான தாமதத்துக்கும் வாரக் கிழமைக்கும் தனியா ஒரு அடுக்கு போடு. சீரோ சர்வே எண்ணை ஆணி மாதிரி அடிச்சு நிறுத்து. லேசான வேலைன்னு சொல்ல மாட்டேன், ஆனா கைடு கேட்ட 'நோய்' அப்பதான் உள்ள வரும்.

ஜிங்குச்சா78

மாடல் கீடல் எல்லாம் சும்மா பயமுறுத்தல். லண்டன்ல ஒருத்தர் 5 லட்சம் பேர் சாவாங்கன்னார், ஆச்சா? கம்ப்யூட்டர்ல என்ன போட்டாலும் வரும்.

கொங்குக்_கணக்கு

தம்பி, 2020 மார்ச் 16 இம்பீரியல் கல்லூரி அறிக்கையைத்தானே சொல்றீங்க? பிரிட்டனுக்கு 5,10,000, அமெரிக்காவுக்கு 22 லட்சம்னு அதுல இருந்தது "யாரும் எதுவும் செய்யாம விட்டா"ங்கற நிலைமைக்கு. அதே அறிக்கையில கட்டுப்பாடு போட்டா எவ்வளவு குறையும்னும் அட்டவணை இருக்கு. ஊரடங்கும் போட்டு, தடுப்பூசியும் போட்டு, அப்புறமும் பிரிட்டன்ல 2 லட்சத்துக்கு மேல, அமெரிக்காவுல 10 லட்சத்துக்கு மேல போய்ச் சேர்ந்தாங்க. குறை சொல்லணும்னா அந்தப் பழைய சி மொழி நிரல் கந்தரகோலமா இருந்ததைச் சொல்லலாம், அது நியாயம்.

எக்ஸ்ரே_டாக்டர்

மதுரையில் ரேடியாலஜி பார்க்கிறேன். தலைப்பை விட்டு கொஞ்சம் விலகுகிறேன், மன்னிக்கவும்.

மார்பு எக்ஸ்ரேயைக் கொடுத்தால் கொரோனாவா இல்லையா என்று சொல்லும் ஏ.ஐ. என்று 2020-ல் கட்டுரை மழை. 2021-ல் 'நேச்சர் மெஷின் இன்டெலிஜென்ஸ்' இதழில் ஒரு குழு 2,212 கட்டுரைகளை எடுத்துச் சலித்தது. தரம் பார்த்த பின் மிஞ்சியது 62. அந்த 62-லும் மருத்துவமனையில் பயன்படுத்தும் அளவுக்கு ஒன்றுகூட இல்லை என்று முடித்தார்கள். காரணம் சிரிப்பை வரவழைக்கும். பலர் 'கொரோனா இல்லாத' படங்களாகச் சேர்த்த தொகுப்பு 1 முதல் 5 வயதுக் குழந்தைகளுடையது. கொரோனா படங்கள் பெரியவர்களுடையவை. கம்ப்யூட்டர் மிகத் துல்லியமாகக் கண்டுபிடித்தது பெரிய எலும்புக்கும் சின்ன எலும்புக்கும் உள்ள வித்தியாசத்தை.

நல்லதும் உண்டு. பாரிசிட்டினிப் மூட்டுவாத மாத்திரை. கொரோனாவுக்கு உதவலாம் என்று பெனவலண்ட்ஏஐ நிறுவனத்தினர் தங்கள் மென்பொருளை வைத்துத் தேடி 2020 பிப்ரவரியிலேயே 'லான்செட்'டில் எழுதினார்கள். பிறகு முறையான சோதனைகள் நடந்து, 2022 ஜனவரியில் தீவிர நோயாளிகளுக்கு உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்தது. ஏ.ஐ. பட்டியல் கொடுத்தது, நிரூபித்தது மனிதர்கள் மேல் நடந்த சோதனை.

கயல்_புள்ளியியல்

எல்லாருக்கும் நன்றி. வெட்டிஆபீசர் அண்ணா, அந்த ஒரு வரி கோடை ஓட்டிப் பார்த்தேன். 0.96. என்னோடதுக்கும் அதுக்கும் ரெண்டு புள்ளிதான் வித்தியாசம், அதுவும் ஞாயித்துக்கிழமையைப் பிடிச்சதால வந்ததுன்னு இப்ப தோணுது. அழுகையா வருது.

மேடம், ரெண்டு சந்தேகம். எல்லா மாவட்டத்தையும் எடுக்கவா, ஒண்ணு ரெண்டு போதுமா? அடுத்த நாளை விட்டுட்டு எத்தனை நாளைக் கணிக்கறது?

கொங்குக்_கணக்கு

அழாதே கண்ணு, அந்த 0.96-ஐ முதல் அட்டவணையிலேயே போடு. பாதி மார்க் அதுக்கே விழும்.

நாள் கணக்கு: எங்களுக்கு நாளைய எண்ணு ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. மே மாசம் எங்க மேலதிகாரி கேட்டதெல்லாம் "பத்து நாள் கழிச்சு எத்தனை ஆக்சிஜன் படுக்கை வேணும்"ங்கறதுதான். அன்னைக்குப் புதுசா உறுதியானவங்க, அதுல 60 வயசுக்கு மேல எத்தனை பேர், போன வாரம் சேர்ந்தவங்கள்ல எத்தனை பேருக்கு ஆக்சிஜன் வெச்சோம், இதை வெச்சு ஒரு எக்ஸெல் தாள். ஏ.ஐ. எதுவும் இல்லை. அதனால 7 நாள், 14 நாள் எடு. ஒத்தை எண்ணாச் சொல்லாதே, 'இத்தனைல இருந்து இத்தனைக்குள்ள'ன்னு சொல்லு, அப்புறம் நிஜ எண்ணு எத்தனை தடவை அந்த இடைவெளிக்குள்ள விழுந்ததுன்னு கணக்குக் காட்டு. ஒரு மாசத்துக்கு மேல போகாதே. அமெரிக்காவுல ஃபோர்காஸ்ட் ஹப்னு பல குழுக்களோட கணிப்பை வாரா வாரம் ஒரே இடத்துல சேர்த்தாங்க. தனி மாடல் எதையும் விட எல்லாத்தையும் கலந்து எடுத்த கணிப்புதான் நிலையா நல்லா இருந்துச்சு. அதுவுமே வாரம் கூடக்கூடத் தடுமாறிச்சு.

மாவட்டம் மூணு போதும்: சென்னை, ஈரோடு, விருதுநகர். சின்ன மாவட்டத்துல கேஸ் பத்து இருபதுன்னு இருக்கற காலத்தை விட்டுடு, அங்க சராசரிக் கணக்கு செல்லாது. தமிழ்நாடு, ஆந்திரா ரெண்டு மாநிலத்துலயும் தொடர்பாளர்களைத் தேடிப் பிடிச்ச பட்டியலை வெச்சு 2020-ல 'சயன்ஸ்'ல ஒரு கட்டுரை வந்துச்சு, 84,965 நோயாளிங்க, 5,75,071 தொடர்பாளர்கள். 70 சதவீதம் பேர் தங்களோட பழகின யாருக்குமே பரப்பலை; வெறும் 8 சதவீதம் பேர்கிட்ட இருந்து 60 சதவீதப் புதுத் தொற்று. அப்ப கேஸ் பத்தா இருக்கறப்ப அடுத்த வாரம் ரெண்டாகவும் ஆகலாம், கோயம்பேடு மாதிரியும் ஆகலாம். எந்தச் சமன்பாடும் அதைச் சொல்லாது.

மூணுக்கு மேல எடுத்தே தீருவேன்னா நாகப்பட்டினத்தைத் தொடாதே. மயிலாடுதுறை 2020 டிசம்பர் கடைசியிலதான் தனி மாவட்டமாச்சு. அதுக்கு முன்னாடி அந்தக் கேஸெல்லாம் நாகப்பட்டினத்துக் கணக்கு. அப்புறம் உன் ஃபைல்ல விமான நிலையக் கண்காணிப்பு, ரயில்வே கண்காணிப்புன்னு ரெண்டு 'மாவட்டம்' இருக்கும் பாரு. ஜனத்தொகையே இல்லாத அந்த ரெண்டு வரியையும் முதல்ல தூக்கிடு.